யூனிட் ட்ரஸ்ட்: முகாமையாளரின் அனுபவத்தைப் பார்த்துக் காசு போடலாமா?

பண்டாரவளை டீச்சர் · சனி, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தேயிலை ஃபெக்டரியில இருந்து ஓய்வு எடுத்துட்டாரு. ஈபிஎஃப், ஈடிஎஃப்னு வேலைக் காலத்துச் சேமிப்பு ரெண்டும் கைக்கு வந்துடுச்சு. பெரும்பகுதியை நிலையான வைப்புல போட்டாச்சு, அதைத் தொடப் போறதில்ல. என் சம்பளத்துல மாசா மாசம் மிச்சம் பிடிக்கிறதை மட்டும் பங்குகள்ல போடுற யூனிட் ட்ரஸ்ட் (பல பேரோட காசைச் சேர்த்து ஒரு முகாமையாளர் முதலீடு செய்ற நிதி) ஒன்னுல போட்டு, பத்து வருஷத்துக்கு மறந்துடலாம்னு யோசனை.

ரெண்டு நிதியோட ஃபேக்ட் ஷீட் (நிதியோட விபரத் தாள்) கையில இருக்கு. முதலாவதுல "24 வருட அனுபவம்"னு தடித்த எழுத்து, பக்கத்துல முகாமையாளர் டை கட்டின படம். ரெண்டாவதுல ஒரு இளைஞர், நிதியைப் பொறுப்பெடுத்து நாலு வருஷம்தானாம். ஆனா லாபக் கட்டத்துல இளைஞர்தான் நல்லா மேல நிக்கிறாரு. வீட்டுக்கு வந்த முகவர், "மூத்தவர் கையில குடுத்தா நீங்க நிம்மதியா தூங்கலாம் மிஸ்"னு திரும்பத் திரும்ப சொல்றாரு.

என் கேள்வி இதுதான். முகாமையாளருக்கு அனுபவம் கூடக் கூட நம்ம காசும் கூடுமா? உண்மையிலயே அப்படி ஒரு தொடர்பு இருக்கா?

---

ஹட்டன் ஹார்ட்வெயார் · சனி, இரவு 8.50

டீச்சர், இதுல யோசிக்க என்ன இருக்கு? மூத்தவர்தான்.

2022 ஏப்ரல் ஞாபகம் இருக்குல்ல? 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியா 7 சதவீதப் புள்ளி ஏத்துச்சு. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம்னு அரசாங்கம் கையை விரிச்சுது. அதுக்கு அடுத்த வாரம் கொழும்புப் பங்குச் சந்தையையே முழு வாரமும் இழுத்து மூடுனாங்க. கேஸ் க்யூவுல சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிட்டு நாம நின்ன நேரம் அது. அந்த மாதிரி நேரத்துல நேத்து வந்த பொடியன் என்ன பண்ணுவான்? பயந்து வித்துட்டுப் போயிடுவான். 2008ல திறைசேரி உண்டியல் (அரசாங்கம் வாங்குற குறுங்காலக் கடன்) வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போனதை நேர்ல பார்த்த மனுஷனுக்குத்தான் கை நடுங்காது.

நான் கடையில புதுசா ஒருத்தன எடுத்தாக்கூட மொத வருஷம் கல்லாப்பெட்டியத் தொட விடமாட்டேன்.

---

கொழும்பு போன கொட்டகலையான் · சனி, இரவு 9.40

நான் பங்குத் தரகுக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். நிதி விற்கிற வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர், அந்த லாபக் கட்டத்தைப் பார்த்து இளைஞர் கெட்டிக்காரர் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் (கொழும்புச் சந்தையின் எல்லாப் பங்கு விலைகளையும் சேர்த்துக் காட்டும் எண்) 2010 டிசம்பர் முடிவில் சுமார் 6,636. 2020 டிசம்பர் முடிவில் சுமார் 6,774. முழுசாகப் பத்து வருடத்துக்கு மொத்த ஏற்றமே 2 சதவீதம்தான், டிவிடென்ட் தனி. அதன் பிறகு 2021ஆம் ஆண்டு மட்டும் 80 சதவீத ஏற்றம், 2022ல் 30 சதவீத இறக்கம், அப்படியே ஏறி இறங்கி 2024 முடிவில் 15,945 அளவில் நின்றது.

இப்போது பாருங்கள். 2021 ஜனவரியில் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர், மூளையைக் கொஞ்சமும் பாவிக்காமல் சந்தையை அப்படியே வாங்கி வைத்திருந்தால், நாலு வருடத்துக்குச் சராசரியாக வருடம் 24 சதவீதம் காட்டியிருப்பார். 2011 ஜனவரியில் உட்கார்ந்தவர் அதே வேலையை அதே மாதிரிச் செய்திருந்தால், பதினாலு வருடத்துக்கு வருடம் ஆறரை சதவீதம் காட்டியிருப்பார். ஒரே சந்தை, ஒரே திறமை (இரண்டு பேருக்கும் பூச்சியம்). வந்து சேர்ந்த திகதி மட்டும்தான் வேறு.

இதே கூத்து முன்பும் நடந்தது. போர் முடிந்த 2009ல் சுட்டெண் 125 சதவீதம் ஏறியது, 2010ல் இன்னும் 96. அந்த இரண்டு வருடத்தில் கொழும்பில் எல்லாரும் மேதைதான். 2011, 2012 இரண்டும் இறக்கம். மேதைகளைக் காணவில்லை.

ஆகவே முதல் வேலை, இரண்டு நிதியையும் ஒரே காலப்பகுதிக்கு எடுத்து, ஒவ்வொரு வருடமும் சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சுட்டெண் 50 சதவீதம் ஏறின வருடத்தில் நிதி 38 ஏறினால் அது கைதட்டுகிற விஷயம் இல்லை.

---

ராகலை தாத்தா · சனி, இரவு 10.05

தம்பி சொல்றது எனக்கு நல்லா விளங்குது. நாங்க தோட்டத்துல பார்த்ததுதான் இது.

நான் வெளிக்கள உத்தியோகத்துல இருந்து ரிட்டயர் ஆனவன். எத்தனையோ தொரைமார் (தோட்ட முகாமையாளருங்க) கீழ வேலை செஞ்சாச்சு. ஊவாப் பக்கத் தோட்டத்துக்கு ஒரு தொரை ஜூன் மாசம் மாத்தலாகி வருவாரு. ஜூலையில கச்சான் காத்து அடிக்கும், கொழுந்து காயும், தேயிலைக்கு அந்த வாசம் ஏறும், கொழும்பு ஏலத்துல வெல துள்ளும். உடனே கம்பனி கூட்டத்துல "புதுத் தொரை வந்தாரு, வெல ஏறிச்சு"ம்பாங்க. காத்துக்கு யாரும் நன்றி சொல்றதில்ல. இன்னொருத்தர் முப்பது வருஷம் பழுத்த தொரை. அவரு வந்த நேரம் 2021, அரசாங்கம் ரசாயன உரத்த நிப்பாட்டுச்சு. வெளச்சல் விழுந்துச்சு. மனுஷன் பேரு கெட்டுப் போச்சு.

அப்ப நல்ல தொரைன்னு ஒருத்தரே இல்லையான்னு கேப்பீங்க. இருக்காங்க. அத எப்படிக் கண்டுபிடிப்போம்னா, அதே ஒயரம், அதே மழை உள்ள பக்கத்துத் தோட்டத்தோட வச்சுப் பார்ப்போம். பக்கத்துத் தோட்டம் ஏக்கருக்கு எவ்வளவு எடுத்துச்சு, இவரு எவ்வளவு எடுத்தாரு, ஒரு கிலோவுக்கு ஆன செலவு என்ன. அந்தச் செலவுக் கணக்கு ரொம்ப முக்கியம். வெளச்சல் காட்டுறதுக்காகக் காச வாரி எறைக்கிற தொரையும் உண்டு.

---

ஹட்டன் ஹார்ட்வெயார் · சனி, இரவு 10.20

தாத்தா, நீங்க சொல்றத வச்சுப் பார்த்தாலும் பழுத்த தொரை 2021ல பொடியன விட நல்லாத்தானே சமாளிச்சிருப்பாரு? அதத்தான் நானும் சொல்றேன். காத்தடிக்கிறப்ப யாரும் ஓட்டலாம்.

---

பேராதனை புள்ளிவிபரம் · ஞாயிறு, காலை 7.30

ஹார்ட்வெயார் அண்ணே கேட்ட கேள்விக்கு ஆராய்ச்சிகள் இருக்கு. ஆனா பதில் அண்ணன் நினைக்கிற மாதிரி நேரா இல்ல. பெரும்பாலும் அமெரிக்க நிதிகளை வச்சுச் செஞ்சது, அதை மனசுல வச்சுக்கங்க.

1999ல செவாலியே, எலிசன்னு ரெண்டு பொருளியலாளர்கள் 492 முகாமையாளர்களை எடுத்துப் பார்த்தாங்க. தரவு 1988 முதல் 1994 வரை. வயசு, படிப்பு, அந்த நாற்காலியில இருந்த காலம் எல்லாத்தையும் லாபத்தோட ஒப்பிட்டாங்க. மேலோட்டமாப் பார்த்தா இளையவங்க கொஞ்சம் கூடவே லாபம் காட்டுனாங்க, மூத்தவங்க இல்ல! அப்புறம் எடுத்த அபாயம், கட்டணம் இதையெல்லாம் சரிக்கட்டிப் பார்த்தப்ப அந்த மாதிரி வித்தியாசம் பெரும்பகுதி கரைஞ்சு போச்சு. கடைசி வரைக்கும் கரையாம நின்னது ஒன்னுதான்: நுழைவுப் பரீட்சைப் புள்ளி கூடின பல்கலைக்கழகத்துல படிச்சவங்க சற்று நல்லாச் செஞ்சாங்க. அது மூளையா, அந்தக் கம்பஸ்ல கிடைச்ச தொடர்புகளா, நல்ல கம்பனியில வேலை கிடைச்சதாலயான்னு அவங்களே சண்டைக்கு இடம் வச்சிருக்காங்க.

அதே ரெண்டு பேர் இன்னொன்னும் கண்டுபிடிச்சாங்க. லாபம் குறைஞ்சா இளையவங்களத்தான் சீக்கிரம் வேலையை விட்டுத் தூக்குறாங்க. அதனால இளையவங்க தனியா நிக்கப் பயந்து, மத்தவங்க என்ன வாங்குறாங்களோ அதையே வாங்குறாங்க.

இப்ப ஹார்ட்வெயார் அண்ணன் சந்தோஷப்படுற இடம். 2009ல கிரீன்வுட், நாகெல் ரெண்டு பேரும் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குக் குமிழி காலத்தைப் பார்த்தாங்க. குமிழி உச்சத்துல தொழில்நுட்பப் பங்குகளை அள்ளிக் கட்டினது இளைய முகாமையாளர்கள்தான். ஏறுறதைப் பார்த்து ஏறுறது அவங்க பழக்கமா இருந்திருக்கு. ஒரு வீழ்ச்சியையாவது அனுபவிச்ச மூத்தவங்க அந்த அளவுக்கு மயங்கல.

கெம்ப், மன்கோனி, ஸ்பால்ட் மூணு பேரோட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஒரு துறை அடிவாங்கின காலத்துல அந்தத் துறையில காசை வச்சிருந்து தாங்கினவங்க, பிறகு அதே துறையில மத்தவங்கள விட நல்லாச் செஞ்சாங்க. அதாவது "24 வருஷம்"கிற எண்ணிக்கையில பெரிசா ஒன்னும் இல்ல. எந்த வருஷங்கள், எந்தத் துறை, அப்ப கையில என்ன இருந்துச்சு, இதுலதான் விஷயம்.

---

ஹட்டன் ஹார்ட்வெயார் · ஞாயிறு, காலை 8.10

தம்பி நல்லா இருக்கணும். டீச்சர், கேட்டுக்கிட்டீங்கல்ல? வீழ்ச்சியைப் பார்த்தவன்தான் வேணும்.

---

கொழும்பு போன கொட்டகலையான் · ஞாயிறு, காலை 9.25

அவசரப்படாதீங்க அண்ணே. பில் மில்லர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் லெக் மேசன் வேல்யூ ட்ரஸ்ட் என்ற நிதியை நடத்தினார். 1991 முதல் 2005 வரை பதினைந்து வருடம் வரிசையாக எஸ் அன்ட் பி 500 என்ற அமெரிக்கப் பெரிய கம்பனிகளின் சுட்டெண்ணை முந்தினார். வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை என்று கொண்டாடினார்கள். 2000ஆம் ஆண்டு வீழ்ச்சியையும் பார்த்தவர். அனுபவத்தில் குறை சொல்ல முடியுமா? 2008ல் அதே நிதி சுமார் 55 சதவீதம் விழுந்தது. சந்தை விழுந்ததை விட மோசம். விழுந்துகொண்டிருந்த வங்கிப் பங்குகளை, "முன்பும் இப்படி விழுந்தது, வாங்கினேன், ஜெயித்தேன்" என்ற தைரியத்தில் வாங்கிக்கொண்டே போனார்.

முந்தின வீழ்ச்சியில் படித்த பாடம் அடுத்த வீழ்ச்சிக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் நாட்டையே எடுங்கள். 2021 முடிவில் திறைசேரி உண்டியல் வட்டி 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அடுத்த வருடமே 30ஐத் தாண்டியது. 2008ஐப் பார்த்த மூத்தவருக்கும் 30 என்பது புது உலகம்தான். வட்டி ஏறினால் பழைய முறிகளின் விலை விழும், அதனால் அந்த நேரத்தில் நீண்ட தவணை முறிகளை (அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை) வைத்திருந்தவர்களுக்கு விலை சரிந்தது. மூன்று மாத உண்டியல்களில் ஒதுங்கியிருந்தவர்கள் தவணை முடிய முடியக் கூடின வட்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். பிறகு 2023ல் வட்டி இறங்கத் தொடங்கினபோது ஆட்டம் தலைகீழ்: பயந்து குறுகிய தவணையிலேயே இருந்தவர்கள் பின்தங்க, துணிந்து நீண்ட முறி வாங்கினவர்கள் அள்ளினார்கள். முதல் பாதியில் சரியாகச் செய்த எல்லாரும் இரண்டாம் பாதியிலும் சரியாகச் செய்யவில்லை.

இன்னொன்று. 24 வருடம் தாக்குப்பிடித்தவரைத்தான் ஃபேக்ட் ஷீட்டில் பார்க்கிறோம். அவரோடு தொடங்கி, நிதி நொடித்து வேறு வேலைக்குப் போனவர்களின் படத்தை எவரும் அச்சடிப்பதில்லை. அதனால் மூத்தவர் கூட்டம் இயல்பாகவே பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

---

பேராதனை புள்ளிவிபரம் · ஞாயிறு, காலை 10.00

அதோட இன்னொரு கணக்கையும் போடுறேன், யாரும் அடிக்க வராதீங்க.

ஒரு முகாமையாளர் உண்மையிலயே திறமைசாலின்னு வைங்க. சந்தையை விடச் சராசரியா வருஷம் 2 சதவீதம் கூட எடுக்கிறவர். அது நம்ம ஊர்ச் சந்தைக்கு நல்ல திறமை. ஆனா எந்த வருஷமும் சரியா 2 வராது. ஒரு வருஷம் 10 கூடும், ஒரு வருஷம் 6 குறையும். அந்த ஏற்ற இறக்கத்தோட நியம விலகல் (சராசரியில இருந்து வழக்கமா எவ்வளவு விலகுதுங்கிற அளவு) 8 சதவீதம்னு எடுத்துக்குவோம். "இது அதிர்ஷ்டம் இல்ல, திறமைதான்"னு புள்ளிவிபரப்படி வழக்கமான 95 சதவீத நம்பிக்கையோட சொல்ல எத்தனை வருஷத் தரவு வேணும் தெரியுமா? 64 வருஷம்.

8ஐ 2ஆல வகுத்தா 4, அதை 2ஆல (95 சதவீத நம்பிக்கைக்கான எண் சுமார் 2) பெருக்கினா 8, அதோட வர்க்கம் 64. அவ்வளவுதான் கணக்கு.

---

ராகலை தாத்தா · ஞாயிறு, காலை 10.15

அப்ப அவரு கெட்டிக்காரர்னு நிரூபணமாகுறப்ப அவருக்கு தொண்ணூறு வயசு. எனக்கு நூத்துச் சொச்சம். நல்லா இருக்கு தம்பி.

---

லிந்துல நர்ஸ் · ஞாயிறு, பகல் 12.40

நடுவுல ஒரு கேள்வி. நான் போட்டிருக்கிறது பணச் சந்தை நிதி. ஆயிரம் ரூபாயில தொடங்கலாம்னு சொன்னாங்க, அதனால போட்டேன். அதுக்கும் முகாமையாளர் அனுபவம் பார்க்கணுமா? எங்க வார்டுல பாதிப் பேர் இதுலதான் இருக்காங்க.

---

கொழும்பு போன கொட்டகலையான் · ஞாயிறு, பகல் 1.30

நல்ல கேள்வி அக்கா. உண்மையில் இலங்கையில் யூனிட் ட்ரஸ்ட் காசில் பெரும்பங்கு பங்குகளில் இல்லை, பணச் சந்தை மாதிரியான வட்டி வருமான நிதிகளில்தான் கிடக்கிறது. அங்கே முகாமையாளரின் வித்தை காட்ட இடம் கொஞ்சம். திறைசேரி உண்டியல், வங்கி வைப்பு, கம்பனிகளின் குறுங்காலக் கடன் பத்திரம், இவ்வளவுதான் சரக்கு. எல்லாரும் ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்குகிறார்கள். ஒரு நிதி மற்றதை விட வருடத்துக்கு அரை சதவீதம் கூடக் கொடுக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: கட்டணம் குறைவு, அல்லது தரம் குறைந்த கம்பனிகளின் கடன் பத்திரத்தை உள்ளே வைத்திருக்கிறது. முதலாவது என்றால் சந்தோஷப்படுங்கள். இரண்டாவது என்றால் ஃபேக்ட் ஷீட்டில் தரமதிப்பீட்டுப் பகுதியை எடுத்து, எத்தனை சதவீதம் அரச பத்திரம், எத்தனை சதவீதம் கம்பனிக் கடன் என்று பாருங்கள்.

அனுபவம் இருந்தும் இந்த இடத்தில் சறுக்கின கதை பக்கத்து நாட்டில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியாவில் ஆறு கடன் நிதிகளை ஒரே நாளில் மூடியது. அந்தக் குழு அந்த வகை முதலீட்டில் நாட்டிலேயே பெயர் எடுத்த குழு. மற்றவர்கள் தொடப் பயந்த கம்பனிகளுக்குக் கடன் கொடுத்துத்தான் அந்தக் கூடுதல் லாபத்தை வருடக்கணக்காகக் காட்டியிருந்தார்கள். கொரோனா வந்தது, விற்க நினைத்தபோது வாங்க ஆள் இல்லை. பிறகு படிப்படியாகக் காசு திரும்பி வந்தது, ஆனால் அவசரத்துக்கு எடுக்கலாம் என்று நம்பிப் போட்டவர்கள் பட்ட பாடு வேறு.

---

டிக்கோயா கணக்கப்பிள்ளை · ஞாயிறு, பிற்பகல் 3.10

காலையிலிருந்து வாசிக்கிறேன். கட்டணத்தைப் பற்றித் தாத்தா மட்டும்தான் ஒரு வரி சொன்னார், கொட்டகலைத் தம்பி இப்போதுதான் தொட்டார். எனக்கு அதுதான் முதல் விஷயம்.

1997ல் கார்ஹார்ட் என்பவர் அமெரிக்க நிதிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார். போன வருடம் ஜெயித்த நிதி இந்த வருடமும் ஜெயிக்கிறதே, அது முகாமையாளரின் திறமையா என்று பார்த்தார். பெரும்பகுதி திறமையால் வந்தது இல்லை என்று முடிவு. கையில் தற்செயலாக இருந்த ஏறுமுகப் பங்குகள் கொஞ்ச நாளைக்கு இன்னும் ஏறுவதும், நிதிகளுக்கு இடையில் செலவு வித்தியாசமும்தான் காரணம். தொடர்ந்து கடைசியில் கிடக்கிற நிதிகளோ, செலவு கூடினவை. ஜெயிப்பது நீடிப்பதில்லை, தோற்பது நன்றாக நீடிக்கிறது.

ஒரு இலட்சம் ரூபாய் வருடம் 10 சதவீதத்தில் 20 வருடம் வளர்ந்தால் ஆறு இலட்சத்து எழுபத்திரண்டாயிரம் சொச்சம். அதிலே ஒன்றரை சதவீதத்தைக் கட்டணம் தின்று 8.5 ஆக வளர்ந்தால் ஐந்து இலட்சத்துப் பதினோராயிரம். போட்ட காசை விடப் பெரிய தொகை, ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல், கட்டணத்தில் போகிறது. முகாமையாளர் திறமைசாலியா என்பது 64 வருடம் கழித்துத் தெரியும். கட்டணம் இன்றைக்கே ஃபேக்ட் ஷீட்டில் எழுதியிருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பெரிய அனுபவசாலிக்குப் பெரிய சம்பளம். அது யார் காசு?

---

ஹட்டன் ஹார்ட்வெயார் · ஞாயிறு, பிற்பகல் 3.35

கணக்கப்பிள்ளை ஐயா, மலிவா இருக்குன்னு எதையும் வாங்கலாமா? கொழும்புப் பங்குச் சந்தை அமெரிக்கா மாதிரி இல்லையே. இருநூத்தி எண்பது சொச்சம் கம்பனி இருக்கு, அதுல தினமும் ஒழுங்கா கைமாறுறது கொஞ்சம்தான். பெரிய ஆளுங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னப் பங்கைத் தூக்கி நிறுத்தி, நம்ம தலையில கட்டுற ஊரு இது. யாரு எவருன்னு தெரிஞ்ச ஆளு வேணாமா? இதுல அனுபவத்துக்கு வெலையே இல்லைன்னு சொல்லாதீங்க.

---

டிக்கோயா கணக்கப்பிள்ளை · ஞாயிறு, மாலை 4.20

அதில் நியாயம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். சின்னச் சந்தையில், தகவல் சரியாக வெளியே வராத இடத்தில், எந்தக் கம்பனியின் கணக்கறிக்கையை நம்பலாம், எந்தப் பணிப்பாளர் சபையைக் கண்டால் ஓட வேண்டும் என்று தெரிந்த ஆள் உதவுவார். அமெரிக்க ஆய்வை அப்படியே இங்கே ஒட்ட முடியாதுதான்.

ஆனால் அண்ணாச்சி, அதே சின்னச் சந்தைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு முகாமையாளர் நன்றாகச் செய்கிறார் என்று தெரிந்ததும் ஊரே காசைக் கொண்டுபோய்க் கொட்டும். நிதி பெருக்கும். பிறகு அவர் பெயர் எடுத்த சின்னப் பங்குகளை அவராலேயே வாங்க முடியாது, வாங்கப் போனால் விலை ஏறிவிடும், விற்கப் போனால் விழுந்துவிடும். கடைசியில் எல்லாரும் வைத்திருக்கிற அதே பத்துப் பதினைந்து பெரிய கம்பனிப் பங்கில்தான் அவரும் வந்து நிற்பார். சுட்டெண் மாதிரியே ஒரு நிதி, அனுபவசாலிக்கான கட்டணத்தில்.

---

பேராதனை புள்ளிவிபரம் · ஞாயிறு, மாலை 4.45

கணக்கப்பிள்ளை ஐயா சொன்னதையே பெர்க், கிரீன்னு ரெண்டு பேர் 2004ல கணிதமா எழுதி வச்சிருக்காங்க. திறமை இருக்கலாம், ஆனா அதைத் தேடி வர்ற காசே அந்தத் திறமையோட பலனைத் தின்னுடும். அதனால திறமை இருந்தும் முதலீட்டாளர் கையில மிச்சம் தெரியாது. பேர் போன அமெரிக்க முகாமையாளர் பீட்டர் லிஞ்ச் 1977ல மெகலன்கிற நிதியை எடுத்தப்ப அதுல இருந்தது 2 கோடி டாலர் அளவுதான். 1990ல விட்டப்ப 1,400 கோடி. ஆரம்ப வருஷங்கள்ல காட்டின வித்தையைக் கடைசி வருஷங்கள்ல அதே அளவுக்குக் காட்ட முடியல. அதுக்குள்ள அவருக்கு அனுபவம் குறையவா செஞ்சுது?

---

பண்டாரவளை டீச்சர் · திங்கள், இரவு 7.50

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு இடைவேளையில ரெண்டு கம்பனிக்கும் கோல் எடுத்தேன். முகவரைக் கேட்கல, நேரா கம்பனியையே கேட்டேன்.

மூத்தவரோட நிதியில கேட்ட முதல் கேள்வி: "இவர் இந்த நிதியை எப்ப இருந்து நடத்துறார்?" அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் லைன்ல வச்சிட்டு வந்து சொன்னா, போன வருஷம்தானாம். 24 வருஷம்கிறது நிதித் துறையில அவர் இருந்த மொத்தக் காலம். அதுல பெரும்பகுதி ஒரு வங்கியில கடன் பத்திரப் பிரிவு. பங்கு நிதி நடத்துறது இதுதான் முதல் தடவை. ஃபேக்ட் ஷீட்டுல இருக்கிற ஐந்து வருஷ லாபம், அவருக்கு முன்னாடி இருந்தவரோடது.

இளைஞரோட நிதியில, அவர் தனியா முடிவெடுக்கிறதில்ல, முதலீட்டுக் குழு ஒன்னு இருக்கு, அதுல மூணு பேர், மூத்தவங்களும் இருக்காங்கன்னு சொன்னாங்க. நாலு வருஷமும் சுட்டெண்ணோட வச்சுப் பார்த்தேன். ரெண்டு வருஷம் முந்தியிருக்கு, ரெண்டு வருஷம் பின்னாடி. கூட்டிக் கழிச்சா சுட்டெண்ணை ஒட்டித்தான் இருக்கு. கட்டணம் மூத்தவரோட நிதியை விடக் குறைவு.

---

ஹட்டன் ஹார்ட்வெயார் · திங்கள், இரவு 8.05

அடப்பாவிங்களா. கடன் பத்திரத்துல இருந்தவரைக் கொண்டாந்து பங்குல உக்கார வச்சிட்டு 24 வருஷம்னு போட்டிருக்காங்களா? நான் சொன்ன அனுபவம் இது இல்ல டீச்சர். பேராதனைத் தம்பி சொன்ன மாதிரி, அதே துறையில அடிவாங்கின அனுபவம்.

---

கொழும்பு போன கொட்டகலையான் · திங்கள், இரவு 8.40

பொய் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனால் டீச்சர் கேட்ட அந்த ஒரு கேள்வியை இங்கே எல்லாரும் கேட்க வேண்டும். படத்தில் இருக்கிறவர் வந்த திகதியும், லாபக் கட்டம் தொடங்குகிற திகதியும் ஒத்துப்போகிறதா? ஆள் மாறினால் என்ன ஆகிறது என்று கொரானா என்ற ஆய்வாளர் பார்த்திருக்கிறார் (நோயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அவர் பெயரே அதுதான்). மோசமாகச் செய்த முகாமையாளர் மாறினால் நிதி சற்றுத் தேறுகிறது, நன்றாகச் செய்தவர் போனால் சற்று இறங்குகிறது. அதனால் பழைய ஆளின் ஐந்து வருட லாபத்தைப் புது ஆளின் கணக்கில் எழுதக் கூடாது.

முகவருக்கு எந்த நிதியில் எவ்வளவு தரகுக் காசு என்றும் கேட்டுப் பாருங்கள். கோபப்பட்டால் பதில் கிடைத்த மாதிரிதான்.

---

லிந்துல நர்ஸ் · திங்கள், இரவு 9.15

டீச்சர், நானும் ஃபேக்ட் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அரச பத்திரம் பாதிக்கும் குறைவா இருக்கு, மிச்சம் கம்பனிக் கடன். இதை இப்ப மாத்தினா எக்சிட் கட்டணம் (காசை வெளிய எடுக்கிறப்ப பிடிக்கிறது) வெட்டுவாங்களா? அந்த வருஷக் கட்டணம்னு சொல்றாங்களே, அதைத் தனியா என் கணக்குல இருந்து எடுப்பாங்களா?

---

டிக்கோயா கணக்கப்பிள்ளை · திங்கள், இரவு 9.30

வருடக் கட்டணத்தைத் தனியாக எடுக்க மாட்டார்கள் பிள்ளை. தினமும் யூனிட் விலை கணிக்கும்போதே உள்ளே கழித்துவிடுவார்கள். அதனால்தான் ஆட்களின் கண்ணுக்கே அது படுவதில்லை. பணச் சந்தை நிதிகளில் பெரும்பாலும் எக்சிட் கட்டணம் இருக்காது, பங்கு நிதிகளில் சிலவற்றில் முதல் ஓரிரு வருடத்துக்கு இருக்கும். விளக்க அறிக்கையில் கட்டணம் என்ற தலைப்பின் கீழ் இருக்கும், கேட்டால் தர வேண்டும். தினசரி விலைகளை யூனிட் ட்ரஸ்ட் சங்கத்தின் இணையத்தளத்திலும் பார்க்கலாம்.

மாற்றுவதற்கு முன்னால், கம்பனிக் கடன் என்றால் எந்தக் கம்பனிகள், என்ன தரம் என்று பாருங்கள். பெயர் போன வங்கியின் பத்திரமாக இருந்தால் ஓடத் தேவையில்லை. பெயரே கேள்விப்படாத நிதிக் கம்பனியாக இருந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.

---

நெறியாளர் · திங்கள், இரவு 10.00

பணச் சந்தை நிதிகள் பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், லிந்துல சகோதரி அங்கே தொடரவும். தனிப்பட்ட முகவர்களின் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ யாரும் பதிய வேண்டாம். இன்று மாலை வந்த மூன்று பதிவுகளை அதற்காகத்தான் நீக்கினேன்.

---

பண்டாரவளை டீச்சர் · செவ்வாய், காலை 6.20

முகவர்கிட்ட தரகுக் காசைக் கேட்டேன். "அதெல்லாம் கம்பனி பார்த்துக்கும் மிஸ்"னாரு. ரெண்டாவது நிதியில மாசம் ஐயாயிரத்தோட தொடங்கப் போறேன். அப்பா கேக்குறாரு, அந்த இளைஞர் கல்யாணம் பண்ணி வெளிநாடு போயிட்டா என்ன பண்ணுவேன்னு. கொட்டகலை அண்ணே, முகாமையாளர் மாறினா யூனிட் வச்சிருக்கிறவங்களுக்கு அறிவிப்பாங்களா, இல்ல நாமளா ஃபேக்ட் ஷீட்ல படம் மாறியிருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

---

கொழும்பு போன கொட்டகலையான் · செவ்வாய், காலை 7.05

அறிவிப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள் டீச்சர். மாதாந்த ஃபேக்ட் ஷீட் வரும்போது பெயரையும் கட்டணத்தையும் மட்டும் ஒரு தடவை பாருங்கள், இரண்டு நிமிட வேலை. அப்பாவிடம் சொல்லுங்கள், நீங்கள் வாங்குவது சுட்டெண்ணை ஒட்டி ஓடுகிற நிதி. அந்தப் பொடியன் வெளிநாடு போனாலும் குழு இருக்கும். கட்டணத்தைக் கூட்டினால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.